படுத்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை

லடாக்கில் இருக்கும் லே ஊரில் நான் தங்கிய விடுதியில், அறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெந்நீர் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, இரவு பத்துக்கு மேல் கேட்டைப் பூட்டிவிடுவோம், இந்த மாதிரி நாலைந்து வரி. எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில், அடியில் இரண்டு கோடு போட்டு ஒரே ஒரு வார்த்தை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அக்... கிளி... மேட்... டைஸ்.

நான் படித்தது தமிழ்வழி. பத்தாவது முடித்து ஐடிஐயில் ஃபிட்டர். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்கப் பம்பு கேட்லாக் வழியாக வந்து சேர்ந்தது. சக்‌ஷன், டெலிவரி, ஹெட், ஓவர்லோடு, ஏர்லாக். இவற்றை வைத்துக்கொண்டே லூதியானா, ராஜ்கோட், இந்தூர் என்று பல வருஷம் சர்வீஸ் பார்த்திருக்கிறேன். எங்கேயும் திண்டாடியதில்லை. இந்த வார்த்தை எந்தக் கேட்லாக்கிலும் வந்ததில்லை.

அது 2011 ஜூன். நான் வேலை பார்த்த கோயம்புத்தூர் கம்பெனியின் மோனோபிளாக் பம்பு இரண்டை லேவுக்கு வெளியே ஒரு புதுக் கட்டடத்தில் மாட்டியிருந்தார்கள். மாட்டிய நாளிலிருந்தே தண்ணீர் ஏறவில்லை. போனில் சொல்லிச் சொல்லி இரண்டு பக்கமும் அலுத்துப்போய், கடைசியில் ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார்கள். டெல்லியிலிருந்து விடியற்காலை விமானம். அந்த ஊருக்கு விமானமெல்லாம் பெரும்பாலும் காலையில்தான். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று எழும்பிவிடும். டெல்லி கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம். ஒன்றேகால் மணி நேரத்தில் 3,256 மீட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். ஊர் அதற்கும் மேலே, சுமார் 3,500. மலை என்றால் எங்களுக்குத் தெரியாதா என்று நாங்கள் பீற்றிக்கொள்ளும் ஊட்டி 2,240தான்.

பையை வைத்துவிட்டு ஸ்பேனர் செட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். விடுதிக்காரர் வாசலில் மறித்தார். "நோ ஒர்க். டுடே நோ, டுமாரோ நோ. ஃபர்ஸ்ட் அக்ளைமடைஸ்." கதவில் பார்த்த வார்த்தைதான் என்று அப்போது பிடிபட்டது. லடாக்கில் சில இடங்களுக்குப் போக இன்னர் லைன் பெர்மிட் வேண்டும், போட்டோ நாலு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று டெல்லியில் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். சரி, அந்த பெர்மிட்டின் பெயர் இதுதான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். சட்டைப் பையிலிருந்து போட்டோ கவரை எடுத்து, "எந்த ஆபீஸ்? எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? ஃபீஸ் எவ்வளவு?" என்று என் இந்தியில் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி லடாக்கியில் ஏதோ சொன்னார். சமையலறையிலிருந்து அவருடைய அம்மா வந்தார். அந்த வீட்டில் எல்லாரும் அவரை ஆமாலே என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா என்பதற்கு மரியாதை சேர்த்த சொல். எழுபது வயதிருக்கும். என் கையிலிருந்த போட்டோக்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திறந்திருந்த கதவு வழியாக என் கட்டிலைக் கைகாட்டினார். ஆபீஸ் அங்கேதான் இருந்தது.

படுத்தேனா? இல்லை. சும்மா இருக்கத் தெரியாத ஜாதி நான். டீ குடித்துவிட்டு, பக்கத்தில்தானே என்று சாந்தி ஸ்தூபிக்குக் கிளம்பினேன். ஐநூறு படிக்கு மேல் இருக்கும். மருதமலையில் மூச்சு வாங்காமல் ஏறுகிறவன் இங்கே அறுபதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் காதுக்குள் கேட்டது. மதியத்துக்குள் தலைவலி தொடங்கியது. நெற்றியில் இல்லை, மண்டை முழுக்க, உள்ளேயிருந்து யாரோ ஜாக்கி வைத்துத் தூக்குகிற மாதிரி. சாயங்காலம் வாந்தி. பூண்டு சூப் கொண்டுவந்த ஆமாலேயிடம் வேண்டாம் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

விடுதிக்காரர் யாருக்கோ போன் செய்தார். ஒரு மணி நேரத்தில் ராணுவ உடையில் ஒருவர் வந்து நின்றார். "என்னண்ணா, கோயம்புத்தூரா?" அந்தத் தலைவலியிலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலூருக்குப் பக்கத்து ஊர்க்காரர், ராணுவ மருத்துவமனையில் நர்சிங் அசிஸ்டென்ட். போன வருஷம் அவர் குடும்பம் வந்தபோது இதே விடுதியில்தான் தங்கியிருந்ததாம். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார். ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து நேராக நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்ததும்தான் அவர் முகம் இளகியது.

"பயப்பட ஒண்ணுமில்லண்ணா. ஆனா நாளைக்கும் தலைவலி ஏறுச்சுன்னா, மூச்சு வாங்குச்சுன்னா, உடனே ஆஸ்பத்திரி. ஏன் படிக்கட்டு ஏறுனீங்க? அக்ளைமடைஸ் ஆகணும்னு சொல்லலயா?"

"சொன்னாங்க. என்ன பண்ணணும்னுதான் யாரும் சொல்லல."

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அதான் அது."

அவர் சொன்னதை என் மொழியில் எழுதிப் பார்க்கிறேன். மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வோம். விகிதம் குறைவதில்லை; கோயம்புத்தூரிலும் நூற்றுக்கு 21 பங்குதான், லேவிலும் 21தான். குறைவது காற்றின் அழுத்தம். லேவில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் சரக்கும் மூன்றில் இரண்டு பங்கு. உடம்பு இதைக் கண்டுபிடித்ததும் மூச்சை வேகப்படுத்துகிறது. வேகமாக விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை ஏறிவிடும். அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் காரத்தை வெளியே தள்ளும். லேவில் முதல் இரண்டு நாள் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருந்தது குளிரால் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இந்தச் சரிக்கட்டலுக்குச் சில நாள் ஆகும். உயரத்துக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் டயமாக்ஸ் மாத்திரை செய்வதும் இதே வேலைதான், கொஞ்சம் முன்கூட்டி. இன்னொரு பக்கம், புது ரத்த அணுக்கள் தயாராக வேண்டும் என்ற உத்தரவு சில மணி நேரத்திலேயே போய்விடுகிறது. ஆனால் அணுக்கள் போதுமான அளவு சேர வாரக் கணக்கில் ஆகும்.

இத்தனையும் நடக்கிறது, நான் படுத்திருக்கிறேன். மேஸ்திரி, கொத்தனார், சித்தாள் எல்லாரும் உள்ளே ஓடி ஓடி வேலை செய்ய, வீட்டுக்காரன் மட்டும் குறுக்கே போகாமல் இருக்க வேண்டும்.

ராணுவத்தில் இதற்கு நாள் கணக்கே இருக்கிறது. ஒன்பதாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் அடிவரை ஆறு நாள். அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும், பிறகு இரண்டு நாள் மெதுவான நடை, அப்புறம் இரண்டு நாள் கொஞ்சம் ஏற்றம். பதினைந்தாயிரம் அடிக்கு இன்னொரு நாலு நாள். அதற்கு மேலே மறுபடி நாலு நாள். ஒரு மாதத்துக்கு மேல் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பினால், எத்தனை வருஷ சர்வீஸாக இருந்தாலும், முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். "எங்க சுபேதார் ஒருத்தர் பன்னெண்டு வருஷமா மேலயே இருக்கார். பொண்ணு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து, புதுசா சேர்ந்த பசங்களோட சேர்ந்து ஆறு நாள் உக்காந்திருந்தார்" என்று சிரித்தார். இந்தக் கணக்குக்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. 1962 போரில் சமவெளியிலிருந்து அவசரமாக மேலே கொண்டுபோகப்பட்ட வீரர்கள் பலர், எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே நுரையீரலில் நீர் கோத்துப் படுத்துவிட்டார்கள். இந்திய ராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களைக் கவனித்து 1969இல் எழுதிய கட்டுரை, உயரத்தில் வரும் நோயைப் பற்றி உலகமே எடுத்துப் படித்த ஒன்று.

அன்று இரவு ஒரு கூத்து. தூக்கத்தில் திடீரென்று மூச்சு நின்று விழித்துக்கொண்டேன். ஆழமாக நாலு இழுப்பு, பிறகு மூச்சு மெல்லிசாகி மெல்லிசாகி நின்றே போகும், பத்து விநாடி ஒன்றுமே இருக்காது, மறுபடி திணறி இழுக்கும். உயரத்தில் புதிதாகத் தூங்குகிறவர்களுக்கு இது சகஜமாம். எனக்கு யார் சொன்னார்கள்? விடியும் வரை உட்கார்ந்தே இருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், ஆமாலே அந்த இருட்டிலேயே எழுந்து, இருபது லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை.

ஆமாலே பழகிக்கொண்டவர் இல்லை. அவர் வேறு கணக்கு. திபெத்துப் பக்கத்து மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த மரபணு ஒன்று இருக்கிறது. நம்மைப் போல ரத்தத்தைக் கெட்டியாக்கிக்கொள்ளாமலேயே அவர்கள் உடம்பு சமாளித்துவிடுகிறது. இதற்கு ஆங்கிலத்தில் அடாப்ட் என்று வேறு வினை. அது ஆயிரக்கணக்கான வருஷத்து வேலை. அக்ளைமடைஸ் ஒரு ஆளோடு முடிகிற வேலை, அதுவும் கடன் வாங்கிய மாதிரி. கீழே இறங்கினால் சில வாரத்தில் உடம்பு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது நாள் தலைவலி குறைந்து, செய்ய ஒன்றுமில்லாமல் படுத்திருந்தபோது, இதை நாம் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று யோசித்தேன். பழகு. அகராதியைப் பிரித்தாலும் 'புதிய தட்பவெப்பத்துக்குப் பழகு' என்கிற மாதிரிதான் ஏதாவது வரும். ஆனால் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "அந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்கல" என்கிறோம். "சென்னை வெயில் அவனுக்குச் சேரல" என்கிறோம். "ஊர் பழகிடுச்சு" என்கிறோம். எல்லாவற்றிலும் வேலையைச் செய்வது தண்ணீர், வெயில், ஊர். நாம் 'எனக்கு', 'அவனுக்கு' என்று ஒரு ஓரமாக நிற்கிறோம். ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது தண்ணீர். அதற்கு மனசு வரும்வரை நாம் கஷாயம் குடித்துக்கொண்டு காத்திருப்போம்.

ஆங்கிலக்காரன் தன்னையே எழுவாயாக நிறுத்திக்கொண்டான். நான் அக்ளைமடைஸ் ஆகிறேன், நீ அக்ளைமடைஸ் ஆகு. அதனால்தான் நான் ஏமாந்தேன் என்று நினைக்கிறேன். 'செய்' என்று யாராவது சொன்னால் எங்கே, எப்போது, என்ன ஃபீஸ் என்று கேட்கிற புத்தி எனக்கு. "லே உங்களுக்கு ஒத்துக்கணும், ரெண்டு நாள் இருங்க" என்று யாராவது தமிழில் சொல்லியிருந்தால் பேசாமல் போர்வையை இழுத்திருப்பேன். தண்ணீர் ஒத்துக்கொள்ள வைப்பதற்காக எவனும் படிக்கட்டு ஏறுவதில்லை.

அட்ஜஸ்ட் என்பது இன்னொரு வகை. அது தமிழே ஆகிவிட்டது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக உட்காருகிறவர் சொல்வது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." கவனித்துப் பாருங்கள், அதைச் சொல்கிறவர் அட்ஜஸ்ட் செய்வதில்லை, எதிராளிதான் செய்ய வேண்டும். 'செட் ஆகல' என்பது இப்போதைய பிள்ளைகளுடையது. வேலை செட் ஆகல, ரூம் செட் ஆகல, ஆளே செட் ஆகல. அதுவும் பாருங்கள், நம் பழைய 'ஒத்துக்கல' கட்டுமானம்தான், பேன்ட் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "மாமா, அது அக்ளைமடைஸ் இல்ல, ஆக்லிமேட்" என்று திருத்தினான். அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். ஒன்றைக் கற்றுக்கொள்ளவே இரண்டு நாள் படுத்திருக்கிறேன், எனக்கு இது போதும் தம்பி என்றேன்.

மூன்றாம் நாள் பம்பைப் பார்க்கப் போனேன். ஓடைத் தண்ணீரைப் பிடித்துத் தேக்கும் தொட்டி கீழே. பம்பு ஷெட் மேலே, தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் ஆறு மீட்டர் உயரத்தில். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே சரளைக்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் கொஞ்சம் வரும், குமிழி வரும், நின்றுவிடும். ஃபுட் வால்வு சரி. வாஷர் சரி. இம்பெல்லர் சரி. கோயம்புத்தூரில் இதே பம்பு இதே உயரத்தில் குதித்துக்கொண்டு இழுக்கும்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காரணம் கதவுத் தாளிலேயே எழுதியிருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. பம்பு தண்ணீரை 'இழுக்கிறது' என்று நாம் சொல்வது பேச்சுக்குத்தான். பம்பு தன் வாயில் அழுத்தத்தைக் குறைத்து இடம் விடுகிறது. தண்ணீரைக் கீழேயிருந்து மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் அதிகபட்சமாக 10.3 மீட்டர் தூக்கும். எங்கள் ஊரில் பத்துக்குக் கொஞ்சம் கீழே. லேவில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. குழாய் உராய்வு, வால்வில் போவது, இம்பெல்லர் வாயில் மிச்சம் இருக்க வேண்டிய அழுத்தம் எல்லாவற்றையும் கழித்தால் நாலு மீட்டர் தேறினால் பெரிது. கேட்லாக்கில் ஏழு மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பி ஆறில் வைத்துவிட்டார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலே மோட்டாரின் திறனையே குறைத்துக் கணக்கிட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும், வைண்டிங் சூடாகும் என்பதால். சக்‌ஷன் குறையும் என்பதும் பாடத்தில் படித்ததுதான். ஆனால் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு போனில் "ஃபுட் வால்வைப் பாருங்க, ஃபுட் வால்வைப் பாருங்க" என்று ஒரு மாதம் சொல்லியிருக்கிறோம். சமவெளிக்காரன் புத்தி.

பம்புக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் பழகிவிடுமா? பழகாது. அதைத்தான் கீழே இறக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகளில் பார்த்திருப்பீர்கள், நடுக்கிணற்றில் ஒரு திட்டு கட்டி மோட்டாரை அங்கே உட்கார வைத்திருப்பார்கள். நீர்மூழ்கி மோட்டார் வருவதற்கு முந்திய காலத்து ஏற்பாடு. தண்ணீர் மட்டம் இறங்க இறங்கத் திட்டையும் இறக்கிக்கொண்டே போவார்கள். என் அப்பா அப்படி மூன்று முறை இறக்கியிருக்கிறார். லேவில் அதையே செய்யச் சொன்னேன். தொட்டிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, பக்கச் சுவர் கட்டி, பம்பை இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்ததும் தண்ணீர் கத்திக்கொண்டு ஏறியது. என்ஜினியர் ஒருவர் இது என்ன டெக்னிக் என்று கேட்டார். எங்கள் தோட்டத்துக் கிணறு என்றேன்.

ஊருக்கு வந்த பிறகும் வார்த்தை என்னை விடவில்லை. செல்போனில் நெட் வந்திருந்த புதுசு, தேடித் தேடிப் படித்தேன். கிளைமேட் என்பதன் வேர் கிரேக்கத்தில் 'சரிவு' என்ற பொருளுள்ள சொல்லாம். பூமி துருவத்தை நோக்கிச் சாய்கிற சாய்வை வைத்துத்தான் அவர்கள் வெப்ப மண்டலம், குளிர் மண்டலம் என்று பிரித்தார்கள். சாந்தி ஸ்தூபிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு, அந்த வார்த்தைக்குள் ஒரு சரிவு இருக்கிறது என்பது பொருத்தமாகவே பட்டது.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வார்த்தையைக் கொண்டு அதிகம் செய்தது வேறு வேலை. நாம் பழகுவதற்கு இல்லை, மற்றவற்றைப் பழக்குவதற்கு. தமிழில் ஒரு 'க்' சேர்த்தால் போதும், பழகு பழக்கு ஆகிவிடும். முதுமலையில் யானையைக் கரால் என்ற மரக்கூண்டில் அடைத்துச் செய்வது. 1854இல் பாரிஸில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் மிருகத்தையும் செடியையும் கொண்டுவந்து புது மண்ணில் வாழப் பழக்குவது நோக்கம். 1860இல் ஒரு தோட்டமும் திறந்தார்கள். 1877 முதல் அதே தோட்டத்தில் வெளிநாட்டு மனிதர்களையும் கொண்டுவந்து வேடிக்கை காட்டினார்கள் என்று படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டேன். ஆஸ்திரேலியாவில் 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டையாட இங்கிலாந்திலிருந்து 24 முயல் தருவித்து விட்டார். முயல்களுக்கு அந்த ஊர் நன்றாகவே ஒத்துக்கொண்டது. முயலுக்குத்தான் ஒத்துக்கொண்டது. ஆஸ்திரேலியா இன்றுவரை வேலி போட்டுக்கொண்டிருக்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஊட்டி ஞாபகம் வராமல் இருக்குமா? மேட்டுப்பாளையம் தாண்டி வளைவு ஏறினால் நாம் 'ஊட்டி வாசனை' என்று மூச்சை இழுக்கிறோமே, அந்தக் கற்பூர மரம், சமவெளியில் தைல மரம் என்போம், 1843இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சீகை மரமும் அங்கிருந்துதான். உருளைக்கிழங்கும் கேரட்டும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தவை. அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் மீனுக்குக் குஞ்சு பொரிப்பகம் கட்டினார்கள். சொந்தமாக அங்கே இருந்தவை புல்வெளியும் பள்ளத்துச் சோலையும். வந்தவை நன்றாகப் பழகிவிட்டன, புல்வெளி காணாமல் போனது. இப்போது நீதிமன்றம் சொல்லி அரசே அயல் மரங்களை வெட்டுகிறது. நான் ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் கற்பூர மர வாசனையை இன்னும் இழுத்துத்தான் விடுகிறேன். அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

ஒரு விஷயம் பாக்கி. லேவிலிருந்து திரும்பிய அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் எல்லாக் கதையும் சொன்னேன். போட்டோ கவர் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு நாள் படுத்திருந்தேன், ஆமாலே சூப் கொண்டுவந்து கொடுத்தார் என்றதும் சிரிப்பு நின்றது. "ரெண்டு நாளும் ஒரு வேலையும் சொல்லலையா?"

"படியே ஏறக் கூடாதுன்னுட்டாங்க."

அவள் திருச்செந்தூர்ப் பக்கம். கல்யாணமாகி கோயம்புத்தூருக்கு வந்தது ஒரு மார்கழிக்கு முந்தி. வந்த மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து, குளிர்காற்றில் பல் கிட்டிக்க வாசல் தெளித்தவள். எங்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு, கம்பு. அவளுக்கு வாரம் நாலு நாள் மீன் வேண்டும். இங்கே அப்போது கிடைத்த கடல்மீனை அவள் மீன் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. அவள் பேச்சைக் கேட்டு என் தங்கைகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அம்மா கெட்டவள் இல்லை. "நம்ம ஊட்டுக்குத் தகுந்த மாதிரி பழகிக்க, கண்ணு" என்றுதான் சொல்வாள். அன்பாகத்தான் சொல்வாள். அதில் நாள் கணக்கு ஒன்றும் கிடையாது. முதல் தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவள் திரும்ப வந்த அன்றே அடுப்படியில் நின்றாள். அந்த சுபேதார் ஆறு நாள் உட்கார்ந்திருந்தாரே என்று எனக்கு அப்போது உறைத்தது. சிறுவாணித் தண்ணீர் மட்டும் அவளுக்கு முதல் நாளிலிருந்தே ஒத்துக்கொண்டது. ஊரில் உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், செம்பு செம்பாகக் குடிப்பாள் என்று அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த வார்த்தை என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். நான் முதல் முறை சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். பிறகு, "ரசம் போடட்டா?" என்றாள்.

நாலு வருஷம் கழித்து இன்னொரு வேலைக்கு மறுபடி லே போனேன். அதே விடுதி. இந்த முறை ஸ்பேனர் செட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நேராகப் படுத்துவிட்டேன். ஆமாலே வாசலில் வந்து எட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் பக்கத்து அறைக்குச் சேலத்துப் பையன்கள் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். காலை விமானத்தில் வந்து, மதியமே பைக் வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். விடிந்தால் கர்துங் லா கணவாய். அங்கே அப்போது 18,380 அடி என்று ஒரு போர்டு இருந்தது. உண்மையில் அதைவிட எண்ணூறு அடி கம்மி, இருந்தாலும் 5,359 மீட்டர்.

"நாளைக்கு வேண்டாம் தம்பி. நாளை மறுநாள் போங்க" என்றேன்.

"அண்ணா, நாங்க அக்ளைமடைஸ் ஆகிட்டோம். டேப்லட் போட்டாச்சு." என்ன அழகாகச் சொன்னான்! எங்கும் தடுக்காமல், சரியான இடத்தில் அழுத்தி.

"ஒரு நாள் சும்மா படுத்திருங்கப்பா. இந்த ஊர் உங்களுக்கு ஒத்துக்கணும்ல."

"மூணு நாள்தான் லீவுண்ணா."

இரவு ஒரு மணி இருக்கும். எங்கள் அறைகளுக்கு நடுவில் இருந்தது பலகைச் சுவர். மூன்று பேரில் ஒருவனுடைய மூச்சு கேட்டது. ஆழமாக நாலு இழுப்பு, மெல்லிசாகி மெல்லிசாகி நின்றுவிட்டது. சகஜம்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இருட்டில் எழுந்து உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தில் திணறி இழுத்தான். வெளியே ஆமாலே கேனை வைக்கும் சத்தம் கேட்டது. அவன் மறுபடி நிறுத்தினான். நான் மறுபடி ஒன்றிலிருந்து.